சாம்பலாகாத பச்சைப் புள்ளி

ஒன்பது வயதில் கல்யாணசுந்தரிக்கு ஒரு பட்டப்பெயர் கிடைத்தது. 'காலப்பாரு' என்று ஊரே கூப்பிட்டது.

திருநள்ளாறு தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமத்தில் அவள் அப்பா உத்திராபதி குத்தகைக்குப் பயிர் செய்துகொண்டிருந்தார். அந்த வருடம் நெல்லைக் களத்திலேயே வாங்கிக்கொள்ள வெளியூர் வியாபாரி ஒருவர் வந்தார். மூன்று கழிகளைச் சேர்த்துக் கட்டி, நடுவில் தராசைத் தொங்கவிட்டு, மூட்டை மூட்டையாக நிறுத்தார்கள். பெரியவர்கள் எல்லாரும் அண்ணாந்து முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறுமியின் உயரத்துக்கு முள் தெரியவில்லை. மூட்டையின் அடிதான் தெரிந்தது. தரைக்குச் சற்று மேலே தொங்கிய மூட்டைக்கு அடியில் வியாபாரி தன் பாதத்தை நுழைத்து முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவரு காலப் பாரு!"

களமே சிரித்தது. வியாபாரி மட்டும் சிரிக்கவில்லை. நிறுத்த மூட்டைகளையெல்லாம் இறக்கி மறுபடி நிறுத்தார்கள். அன்றைக்கு அவள் கற்றுக்கொண்டது ஒரே பாடம்: தராசு பொய் சொல்லாது, கீழே எவனாவது கால் கொடுத்திருப்பான்.

அதற்குப் பிறகு அவள் வாழ்க்கை முழுக்கக் கால் தேடுவதாகவே போயிற்று. பூக்காரி முழம் போடும்போது பூவைப் பார்க்க மாட்டாள், முழங்கையைப் பார்ப்பாள். வீட்டில் பட்டப்படிப்புப் படித்த முதல் ஆள் அவள்தான். பி.காம். தேர்வு முடிவு வந்தபோது தன் பதிவு எண்ணைத் தானும் பார்த்து, தோழியையும் பார்க்கச் சொல்லி, அச்சுப் பிழையாக இருக்குமோ என்று மறுநாளும் போய்ப் பார்த்தாள். பன்னிரண்டு வருடம் ஒரு தட்டச்சு மையத்தில் இருந்தாள். கல்யாணமாகிக் கோவில்பத்துக்கு வந்த பிறகு கணவர் சோமசேகரன் வைத்த விமர்சனம் இது: "பல்லி கத்துனாக்கூட, யாரு கத்த வச்சதுன்னு கேப்பா எங்க வீட்டம்மா."

இந்தக் குணத்துக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை ஒன்று நாற்பது வயதில் அமைந்தது. மேற்பார்வையாளர்.

பாரதியார் சாலையில் உரக்கடை ஒன்றின் மாடியில் அந்த அலுவலகம். ஒரு மேசை, ஒரு பழைய கணினி, ஒரு பூட்டு. காப்பீட்டுக்காக ஜனங்கள் கையால் நிரப்பிய படிவங்கள் படங்களாகச் சென்னையிலிருந்து வரும். அவற்றைப் படித்துத் தட்டச்சு செய்ய ஆறு பெண்கள். கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யப் போனவர்கள் அப்படியே தங்கிவிட்டார்கள். கல்யாணசுந்தரி மட்டும் தினமும் ஒன்பது மணிக்கு மாடியேறிப் பூட்டைத் திறப்பாள். பதினொரு மணிக்குக் கீழே இறங்கி டீ குடித்து, உரக்கடைக்காரரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு மறுபடி ஏறுவாள்.

வீட்டில் இருப்பவர்கள் வேலை செய்கிறார்களா, சீரியல் பார்க்கிறார்களா என்று தெரியாமல் மூன்று வருடம் அவள் பட்ட அவஸ்தை கொஞ்சமில்லை. அதைத் தீர்க்க மூன்று மாதத்துக்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு புதிய பக்கம் வந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் ஒரு புள்ளி. கீபோர்டையோ மவுஸையோ இரண்டு நிமிடம் யாரும் தொடவில்லையென்றால் பச்சைப் புள்ளி சாம்பல் நிறமாகிவிடும். வாரக் கடைசியில் யார் எத்தனை மணி நேரம் சாம்பலாக இருந்தார்கள் என்று ஒரு தாள் சென்னைக்குப் போகும்.

முதல் நாள் அந்தப் பக்கத்தைத் திறந்ததும் ஒரு கேள்வி வந்ததாம்: நீங்கள் கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறீர்களா என்று இந்தத் தளம் தெரிந்துகொள்ள விரும்புகிறது, அனுமதிக்கலாமா? ஆறு பேரில் பதறிப்போய் முதலில் போன் செய்தவள் வடிவாம்பாள்.

"மேடம், கேமராவுல பாப்பாங்களோ? நான் நைட்டியோட உக்காந்திருக்கேன்."

"கேமராவெல்லாம் இல்ல. அனுமதின்னு அழுத்திட்டு வேலையப் பாரு."

ஆறு பேருக்கும் அதே உத்தரவு. சஜிதா மட்டும், "எனக்கு எதுவும் கேக்கலைங்கக்கா" என்றாள்.

"எல்லாருக்கும் கேக்குது, ஒனக்கு மட்டும் கேக்கலியா? அதென்ன மாமியா வூட்டுச் சலுகையா? நல்லாப் பாரு."

அந்த விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

திங்கட்கிழமை சென்னை மேலாளர் சிவராமனிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வேலை குறைகிறது, அடுத்த மாதத்திலிருந்து ஐந்து பேர் போதும், யாரை நிறுத்துவது என்று வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஒரு பெயர் வேண்டும். கூடவே மூன்று மாதத் தாளும் இருந்தது. அதன் கடைசியில் ஒரு பாராட்டு: 'மேற்பார்வையாளர் சாம்பல் நேரம்: பூஜ்யம். வாழ்த்துகள்.' அந்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். இருபது வருட உழைப்பில் எழுத்தில் வந்த முதல் வாழ்த்து அது.

தாளில் இரண்டு பெயர்கள் கண்ணில் குத்தின. முத்தமிழ், வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் சாம்பல். சஜிதா, பூஜ்யம்.

வேறு யாராக இருந்தாலும் முத்தமிழின் பெயரை எழுதி அனுப்பியிருப்பார்கள். கருக்களாச்சேரியில் வாடகை வீட்டில் இருக்கும் பெண். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது அவளுடையது ஒன்றுதான். அது கல்யாணசுந்தரிக்குத் தெரியும். ஆனாலும் அவள் யோசனை ஓடியது வேறு பக்கம். ஆறு மாதக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு சஜிதா மூன்று மாதத்தில் இரண்டு நிமிடம்கூட எழுந்து போகவில்லையா? பால் கொடுக்கவில்லையா? சாம்பலானவள் சோம்பேறி என்றால், சாம்பலே ஆகாதவள் திருடி. சோம்பேறியைத் திருத்திவிடலாம்.

வடிவாம்பாளிடம் போனில் மெல்லத் தூண்டிலைப் போட்டாள்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க மேடம். தூளிக் கயித்துல மவுஸக் கட்டி விட்டிருக்கான்னு பேசிக்கிறாங்க. புள்ள ஆடுனா எலியும் ஆடுமாம்." வடிவாம்பாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எனக்கு இந்தப் புத்தி இல்லாமப் போச்சே!"

கல்யாணசுந்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. கால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. இனி போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்குக் கணினியை அப்படியே விட்டுவிட்டு அலுவலகத்தைப் பூட்டினாள். சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தாள். போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போனால் அது சோதனையே இல்லை.

பள்ளிவாசல் தெருவுக்குள் மூன்றாவது சந்தில் சஜிதாவின் வீடு. கதவு சும்மா சாத்தியிருந்தது. தட்டிய கையோடு தள்ளினாள்.

சுவரோரம் மேசை, மேசையில் பழைய லேப்டாப், அதன் முன்னால் சஜிதா. அறையின் நடுவே உத்தரத்திலிருந்து சேலைத்தூளி மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. தூளியின் அடியிலிருந்து ஒரு நைலான் கயிறு தரையோடு தரையாக ஓடி, மேசைக்கு அடியில் போய் மறைந்தது.

"யா அல்லா, மேடமா! வாங்கக்கா, வாங்க. ஒரு போன் பண்ணியிருக்கலாமே" என்று எழப் போனாள் சஜிதா.

"எந்திரிக்காத. அப்படியே இரு!"

கல்யாணசுந்தரி குனிந்தாள். ஒன்பது வயதில் குனிய வேண்டியிருக்கவில்லை. இப்போது முழங்காலில் கைகொடுத்துக் குனிய வேண்டியிருந்தது. கயிற்றைக் கண்ணாலேயே பிடித்துக்கொண்டு போனாள். மேசைக்கால், செருப்பு, கீழே விழுந்த கிலுகிலுப்பை. கயிறு சஜிதாவின் வலது கால் கட்டைவிரலில் சுற்றி முடிந்திருந்தது. விரல் அசைந்தது, தூளி ஆடியது. அவ்வளவுதான். மவுஸ் மேலே மேசையில் எந்த ஒட்டும் உறவும் இல்லாமல் கிடந்தது.

நிமிர்ந்தபோது சஜிதாவின் முகம் மாறியிருந்தது.

"மவுஸப் பாக்க வந்தீங்களாக்கா?"

"இல்லடி, இந்தப் பக்கமா ஒரு வேலையா..."

"அந்தப் பேச்சு எனக்கும் வந்துச்சு. கையி வேலை செய்யுது, காலு புள்ளைய ஆட்டுது. எங்க தெருவுல தையல் மிஷின் வச்சிருக்கிறவ, பீடி சுத்துறவ எல்லாரும் இப்படித்தான் ஆட்டுறாங்க. ஒங்க ஊர்ல ஆட்டுறதில்லியா? வீடியோ கால் போட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே. இதுக்குப் போயி இந்த வெயில்ல..."

தூளிக்குள் குழந்தை சிணுங்கி, பிறகு வீறிட்டது. சஜிதா கட்டைவிரலிலிருந்து கயிற்றைக் கழற்றினாள்.

"புள்ளைக்குப் பால் குடுக்கணும். இருபது நிமிசம் ஆகும். இந்த நாற்காலியிலயே உக்காருங்க. எதையும் தொடாதீங்க. புள்ளி என்ன ஆவுதுன்னு நீங்களே பாத்துக்குங்க." குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போய்த் திரையை இழுத்துவிட்டாள்.

கல்யாணசுந்தரி உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மேற்பார்வைப் பட்டியலை மட்டும் போனில் பார்க்கலாம். அதைத் திறந்து சஜிதாவின் பெயர் மேல் கண்ணை வைத்தாள். பச்சை.

இரண்டு நிமிடம் ஆயிற்று. பச்சை. ஐந்து நிமிடம். மவுஸைச் சுற்றிலும் பார்த்தாள். மின்விசிறிக் காற்றில் ஏதாவது அசைகிறதா? ஒன்றுமில்லை. மேசை ஆடுகிறதா? இல்லை. கீபோர்டின் மேல் ஒரு எறும்புகூட இல்லை. பத்து நிமிடம். பச்சை. உள்ளறையில் தாலாட்டு மாதிரி ஏதோ முனகல் கேட்டது. அங்கிருந்து எதையாவது இயக்குகிறாளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே வெட்கமாகவும் இருந்தது.

எங்கே கால்?

பட்டியலை மேலே தள்ளினாள். முதல் வரியில் அவளுடைய பெயர். கல்யாணசுந்தரி, மேற்பார்வை. பக்கத்தில் பச்சை.

முதலில் அவளுக்கு அது உறைக்கவில்லை. பிறகு உறைத்தது. அலுவலகம் பூட்டியிருக்கிறது. சாவி பையில் இருக்கிறது. பையைத் திறந்து சாவியைத் தொட்டும் பார்த்தாள். அப்படியானால் அங்கே தன் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸைத் தொடுவது யார்?

உரக்கடைக்காரருக்குப் போன் போட்டாள். "அண்ணே, கொஞ்சம் மேல போயிப் பாருங்க. யாரோ பூந்திருக்காங்க."

மூச்சு வாங்க ஏறி இறங்கிய அவர் சொன்னார்: "பூட்டு பூட்டுனபடி கெடக்கும்மா. சன்னல் வழியாவும் பாத்தேன். ஒங்க நாக்காலில ஒங்க துண்டுதான் உக்காந்திருக்கு."

அலுவலகத்தில் ஆளில்லை. இங்கே யாரும் தொடவில்லை. இரண்டுமே பச்சை. சஜிதாவின் திரையைப் பார்த்தாள். கீழே ஓரத்தில் பிரவுசரின் அடையாளம், உருண்டையைச் சுற்றிப் படுத்திருக்கும் நரிப் படம். அவள் கணினியிலும் அதே நரிதான். தட்டச்சு மையத்தில் பன்னிரண்டு வருடம் அதில்தான் வேலை. எல்லாரும் வேறொன்றுக்கு மாறியபோதும், புதிது என்ன செய்யுமோ என்று அவள் மாறவில்லை. அப்போதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த 'அனுமதிக்கலாமா' கேள்வியைப் பற்றி ஆறு பேருக்கும் உத்தரவு போட்டாளே, அந்தக் கேள்வியை அவள் கண்ணால் பார்க்கவே இல்லை. அவளையும் அது கேட்கவில்லை.

பக்கத்தைத் தயாரித்த மாறன் சென்னையில் இருந்தான். போனை எடுத்ததும் நடந்ததையும் அந்த நரிப் படத்தையும் பற்றிச் சொன்னாள்.

"ஓ, நீங்க ஃபயர்பாக்ஸா மேடம்? அதுல அது வேலை செய்யாது."

"எது வேலை செய்யாது?"

"ஆளு சும்மா இருக்காரா இல்லியான்னு கண்டுபிடிக்கிற வசதி. க்ரோம், எட்ஜ் மாதிரி பிரவுசர்லதான் இருக்கு. ரொம்பப் பேரு பயன்படுத்துற விஷயமே இல்ல அது. ஃபயர்பாக்ஸ்காரங்க வேணாம்னுட்டாங்க, ஆளை வேவு பாக்குற மாதிரி இருக்குன்னு. அதான் அங்க அனுமதியும் கேக்காது, ஒண்ணும் தெரியவும் தெரியாது."

"தெரியாதுன்னா ஏன் தம்பி பச்சை காட்டுது?"

"ரெண்டு நிறம்தான் கேட்டாங்க மேடம். தெரியாத எடத்துல எதையாவது ஒண்ணு வைக்கணும். சந்தேகப்பட வேணாம், ஆள் இருக்காங்கன்னே வச்சுக்குவோம்னு பச்சையா விட்டுட்டேன். நல்லதுன்னுதான் நெனச்சேன்."

"சாம்பல் காட்டுதே, அதுவாவது சரியா?"

"கை அசையலன்னா சாம்பல். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"ஒருத்தி உக்காந்து படிச்சுக்கிட்டே இருந்தா?"

"படிக்கிறப்ப கை அசையாதே மேடம். சாம்பல்தான்."

போனை வைத்தாள். கோழி கிண்டிய மாதிரி எழுதப்பட்ட படிவங்கள், மழையில் நனைந்து மை பரவியவை, டாக்டர் கையெழுத்து, இவற்றையெல்லாம் முத்தமிழுக்கு ஒதுக்குவது வேறு யாருமல்ல, கல்யாணசுந்தரியேதான். மற்றவர்கள் 'புரியவில்லை' என்று திருப்பி அனுப்புவதை அந்தப் பெண் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து எழுத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். வாரம் ஒன்பது மணி நேரம் அவள் கண்ணால் வேலை செய்திருக்கிறாள். தாளில் அது சாம்பல்.

திரை விலகியது. குழந்தை தோளில் தூங்கியிருந்தது. சஜிதா கேட்டாள்: "என்னக்கா, மவுஸு மாட்டுச்சா?"

"மாட்டுனது நாந்தான்" என்றாள் கல்யாணசுந்தரி. மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு, "நல்லாத் தூங்குது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். சஜிதா வாசல்வரை வரவில்லை.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்த மின்னஞ்சலோடு கழிந்தது. முதலில் எழுதியது சுலபமாக வந்தது: சஜிதாவின் பூஜ்யத்தை நம்ப வேண்டாம், முத்தமிழின் ஒன்பது மணியையும் நம்ப வேண்டாம். காரணத்தோடு சேர்த்து நான்கே வரி. அனுப்பப் போகும்போது கை நின்றது. இன்னொரு பூஜ்யம் இருக்கிறதே?

யாருக்கும் தெரியாது. மாறன் சொல்லப்போவதில்லை, அவனுக்கே தன் தவறு வெளியே வருவதில் விருப்பமிருக்காது. இப்போதே க்ரோமை இறக்கிவிட்டால் நாளையிலிருந்து எல்லாம் சரியாகிவிடும். சொன்னால் என்ன ஆகும்? மாடியில் ஒருத்தி தனியாக உட்கார்ந்து நாளெல்லாம் என்ன செய்கிறாள் என்று சிவராமன் கேட்பார். ஆளைக் குறைப்பது என்றால் அவளும் ஒரு ஆள்தான். ஆறு பேரைவிடச் சம்பளமும் அதிகம். வாழ்த்துகள் என்று வந்த அந்த ஒரு வரியும் போய்விடும்.

தினமும் பதினொரு மணிக்குக் கீழே இறங்கினோமே, அந்த நேரமெல்லாம் எப்படிப் பூஜ்யமாயிற்று என்று மூன்று மாதத்தில் ஒரு நாளாவது தோன்றியதா? தோன்றவில்லை. அடுத்தவள் பூஜ்யம் திருட்டு, தன் பூஜ்யம் உழைப்பு. வியாபாரியும் தன் காலை இப்படித்தான் நினைத்திருப்பானோ?

நாலே முக்காலுக்கு ஐந்தாவது வரியைச் சேர்த்தாள்: 'என்னுடைய பூஜ்யமும் இதே காரணத்தால் வந்தது. அதையும் கணக்கில் எடுக்க வேண்டாம்.' அனுப்பிவிட்டாள். பத்து நிமிடத்தில் சிவராமன் கூப்பிட்டார்.

"ஒரு பேர் கேட்டேன் மேடம். நீங்க கதை அனுப்பியிருக்கீங்க."

"கதை இல்லைங்க சார். நேத்து காலைல நான் சீட்டுலயே இல்ல. ஒங்க தாளு இருந்தேன்னு சொல்லும். வேணும்னா பாருங்க."

பார்த்தார் போலிருக்கிறது.

"சரி, யாரை நிறுத்துறது?"

"முடிச்ச படிவம் எத்தனை, தப்புன்னு திரும்பி வந்தது எத்தனை, கஷ்டமானது யாருக்குப் போச்சு, இதை வச்சு ஒரு மாசம் பாக்குறேன். அதுக்கப்புறம் பேரு தர்றேன். அதுல என் பேரு வந்தாலும் எழுதித் தர்றேன்."

"ஒரு மாசம்தான். அதுக்கு மேல நான் மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியாது."

"சரிங்க சார்."

போனை வைத்துவிட்டு நாட்காட்டியில் அடுத்த மாதத் தேதியைச் சுழித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகும் ஐந்துதான் என்பது மாறவில்லை. மாறாததை மாறியதாக நினைத்துக்கொள்ளும் ஆள் இல்லை அவள்.

திங்கட்கிழமை பட்டியலில் மூன்றாவது நிறம் வந்திருந்தது. மாறனிடம் அவளே சண்டை போட்டு வாங்கியது. தெரியாது என்பதற்கு மஞ்சள். இரண்டு பேருக்கு மஞ்சள்: சஜிதாவுக்கும் அவளுக்கும். ஒன்பதே காலுக்கு வடிவாம்பாள் போன் செய்தாள். "மேடம், மஞ்சள்னா என்ன? நல்லதா, கெட்டதா?"

"தெரியாதுன்னு அர்த்தம்."

"தெரியாதுன்னா... சந்தேகமா?"

"தெரியாதுன்னா தெரியாது. வேலையப் பாருடி."

சஜிதாவிடமிருந்து ஒரு செய்தி மட்டும் வந்தது. லேப்டாப் அவள் அண்ணன் இஃபாத் கொடுத்தது, அவன்தான் எல்லாம் போட்டுக்கொடுத்தவன், வெள்ளிக்கிழமை அவன் வந்ததும் க்ரோம் போடச் சொல்வதாக. வழக்கமாகக் கூடவே வரும் சிரிப்புப் படம் இல்லை. கல்யாணசுந்தரி அதைக் கவனித்தாள்.

தன் கணினியில் அன்றைக்கே அந்தப் புதிய பிரவுசரை இறக்கினாள். பக்கத்தைத் திறந்ததும், மூன்று மாதத்துக்கு முன்னால் பிறரை அழுத்தச் சொன்ன கேள்வி அவள் முன்னால் வந்து நின்றது. நீங்கள் கணினியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறீர்களா என்று இந்தத் தளம் தெரிந்துகொள்ள விரும்புகிறது. ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். யார் தெரிந்துகொள்வார்கள்? எதுவரை? ஆறு பேரும் இதைப் படித்துவிட்டா அழுத்தினார்கள்? நான் சொன்னேன் என்றல்லவா அழுத்தினார்கள்! விரல் மவுஸின் மேல் வெகுநேரம் நின்றது. பிறகு அனுமதித்தாள்.

பதினொரு மணிக்குக் கீழே இறங்கினாள். டீ குடித்தாள். "என்னம்மா, திருடன் கெடைச்சானா?" என்று உரக்கடைக்காரர் கேட்டதற்கு, "கெடைச்சான், கெடைச்சான்" என்று பதில் சொன்னாள். மேலே வந்து பார்த்தபோது அவள் பெயருக்குப் பக்கத்தில் சாம்பல் புள்ளி. அவளுடைய முதல் சாம்பல். பன்னிரண்டு நிமிடம் என்று காட்டியது.

சரியாகத்தான் இருக்க வேண்டும். இருந்தாலும் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.